சிறுவிடைக் கோழி அடைக்குப் படுத்துவிட்டது, கூடையில் 14 முட்டை: எதை வைப்பது, எதை விடுவது?

கரிசல்காடு | சாத்தூர் பக்கம் | மார்ச் 21

வணக்கம். எங்கள் சிறுவிடைக் கோழி (சின்ன உடம்பு நாட்டுக்கோழி) இரண்டு மூன்று நாளாக வைக்கோல் படப்பின் அடியில் போய்ப் படுத்தால் எழுந்திருப்பதே இல்லை. கிட்டே போனால் இறகைச் சிலிர்த்துக்கொண்டு கொர் கொர் என்கிறது, கையை நீட்டினால் கொத்துகிறது. அடைக்குத்தான், முட்டையை அடைகாத்துக் குஞ்சு பொரிக்கத்தான் என்று மாமியார் சொல்கிறார். சமையலறைக் கூடையில் 14 முட்டை சேர்ந்திருக்கிறது. முதல் முட்டை இரண்டு வாரத்துக்கு மேல் பழசு, கடைசி முட்டை அது படுப்பதற்கு முந்தின நாள் இட்டது. எங்களிடம் சேவல் கிடையாது. பக்கத்து வீட்டுச் சேவல்தான் வேலி தாண்டி வந்து போகும். இது போக, தெரிந்தவர் ஒருவர் கடக்நாத் என்ற கருங்கோழி ஜாதி முட்டை தருகிறேன் என்கிறார், பைக்கில் 40 கிலோமீட்டர் கொண்டுவர வேண்டும்.

எல்லாவற்றையும் வைத்துவிடலாமா? படப்படியிலேயே விடலாமா, வேறு இடம் பார்க்க வேண்டுமா? இடி இடித்தால் முட்டை கெட்டுப்போகும், கூட்டில் இரும்பும் கரியும் மிளகாய் வற்றலும் போடு என்கிறார்கள். அதுவும் அவசியமா? இங்கே இப்போதே வெயில் மண்டையைப் பிளக்கிறது.

பஞ்சாரம் | காங்கேயம் | மார்ச் 21

தங்கச்சி, 14 வேண்டாங்க. சிறுவிடைக்கு 9, மிஞ்சிப் போனால் 10. பெருவிடை என்றால் 12க்கு மேலும் தாங்கும், ஆனால் அது கனத்த உடம்பு, ஏறி இறங்கும்போது மிதித்து உடைத்துவிடும். சிறுவிடைதான் நல்ல தாய்.

அதிகம் வைத்தால் என்ன ஆகும் என்று பலர் தப்பாக நினைக்கிறார்கள். ஓரத்தில் இருக்கிற ரெண்டு முட்டை மட்டும் கெடும், மிச்சம் பொரிக்கும் என்பார்கள். அப்படி இல்லை. கோழி நாள் முழுக்க முட்டையை அலகால் உருட்டி இடம் மாற்றிக்கொண்டே இருக்கும். இன்றைக்கு ஓரத்தில் குளிர்ந்த முட்டை நாளை நடுவுக்குப் போகும், நடுவில் இருந்தது ஓரத்துக்கு வரும். கடைசியில் முறை வைத்து எல்லா முட்டையும் குளிர்ந்திருக்கும். கோழி படுத்த பிறகு சுற்றி வந்து பாருங்கள், ஒரு முட்டைகூட இறகுக்கு வெளியே தெரியக் கூடாது. அதுதான் கணக்கு.

எதை வைப்பது என்றால், கடைசி ஒரு வாரத்தில் இட்டதை மட்டும் வையுங்கள். பழசை ஆம்லெட் போட்டுவிடுங்கள். ரொம்பப் பெரியது, ரொம்பச் சின்னது, ஓடு சொரசொரப்பானது, விரிசல் விட்டது எல்லாம் ஒதுக்குங்கள். அழுக்காக இருந்தால் கழுவாதீர்கள், காய்ந்த துணியால் துடைத்தால் போதும். ஓட்டின் மேல் ஒரு மெல்லிய பூச்சு இருக்கிறது, கழுவினால் அது போய்விடும், கிருமி உள்ளே போகும்.

அடை தோற்கிறது என்றால் பெரும்பாலும் கோழி உட்காருவதற்கு முன்னாலேயே தோற்றிருக்கும். அது உட்கார்ந்த பிறகு நாம் செய்ய வேண்டியது கொஞ்சம்தான்.

பனையடி | திருச்செந்தூர் | மார்ச் 21

இரும்பு, கரி, மிளகாய் மூன்றையும் போடுங்கள். எங்கள் ஆச்சி காலத்திலிருந்து அப்படித்தான். பனையோலைக் கடகத்தில் பாதிக்கு மணல், அதன் மேல் வைக்கோல், ஒரு லாடத் துண்டு, ரெண்டு கரி, நாலு வற்றல். அவயம் (அடை) வைத்தால் இதுவரை எங்கள் வீட்டில் இடிக்கு ஒரு முட்டை கெட்டது கிடையாது.

இன்னொன்று, கூர் முட்டை சேவல், உருண்டை முட்டை பெட்டை. பெட்டை வேண்டுமென்றால் உருண்டையாகப் பார்த்து வையுங்கள்.

பொரிப்பான் | நாமக்கல் | மார்ச் 21

அண்ணாச்சி, லாடம் போடாதவன் வீட்டிலும் இடிக்கு முட்டை கெட்டதில்லை :)

கூர் முட்டை விஷயம் நடக்காது. முட்டைக் கோழிப் பண்ணைக்குக் குஞ்சு பொரிக்கிற இடங்களில் ஆண் குஞ்சுக்கு மதிப்பே இல்லை, பொரித்த அன்றே பிரித்து ஒதுக்குகிறார்கள். ஓட்டைப் பார்த்தே சொல்ல முடிந்தால் அந்த முட்டைகளை அடுக்குவதற்கு முன்பே விற்றிருப்பார்களே? ஜெர்மனியில் 2022 முதல் ஆண் குஞ்சுகளைக் கொல்லத் தடை. அதற்காக முட்டைக்குள்ளேயே ஆணா பெண்ணா என்று பார்க்க விலை உயர்ந்த இயந்திரம் வைத்திருக்கிறார்கள். ஆச்சி சொன்னது உண்மையாக இருந்தால் அவர்களுக்கு அந்தச் செலவு மிச்சம்.

பனையடி | திருச்செந்தூர் | மார்ச் 21

ஜெர்மனிக்காரனுக்கு ஆச்சி இல்லை, அதுதான் பிரச்சினை.

கம்பவுண்டர் | மதுரை | மார்ச் 22

கால்நடைத் துறையில் இருந்து ஓய்வு பெற்றவன் நான். இடி பற்றி ஒரு வார்த்தை.

முட்டை வெளியே வரும்போதே உள்ளே கரு வளரத் தொடங்கியிருக்கும். கோழியின் வயிற்றுக்குள் ஒரு நாள் அளவுக்கு அந்தச் சூட்டில் இருந்துதானே வருகிறது. வெளியே வந்து குளிர்ந்ததும் கரு அப்படியே தூங்கிவிடும். அந்தத் தூக்கம் கெடாமல் இருக்க 15 முதல் 18 டிகிரி தேவை. கோழி மேலே படுத்து 37, 38 டிகிரி கிடைத்ததும் மறுபடி விழித்து வளரும். இப்போது உங்கள் சமையலறையை எண்ணிப் பாருங்கள். பங்குனி, சித்திரையில் 34, 35 டிகிரி. தூங்கவும் விடாது, ஒழுங்காக வளரவும் போதாது. கரு அரைகுறையாக வளர்ந்து, சில நாளில் செத்துப்போகும். பார்ப்பதற்கு முட்டை நன்றாகத்தான் இருக்கும். அடை வைத்து மூன்று வாரம் கழித்து உடைத்தால் கூழாக வரும்.

கோடை மழையும் இடியும் அதே மாதங்களில்தான் வருகின்றன. கெட்டது வெயிலால், பழி இடிக்கு. இரும்புத் துண்டு போடுவதில் கெடுதல் ஒன்றுமில்லை, கோழி மிதிக்கும்போது முட்டையில் இடிக்காதபடி ஓரமாகப் போடுங்கள். ஆனால் அதை நம்பி முட்டையை அடுப்பு மேடை பக்கத்தில் வைக்காதீர்கள்.

வெயில் காலத்தில் சேர்த்து வைக்க எளிய வழி, அகல வாய் மண்பானையை ஈர மணலில் பாதி புதைத்து, உள்ளே உமியோ தவிடோ போட்டு, கூர் முனை கீழே இருக்கும்படி முட்டையை நிறுத்துவது. மணலுக்குத் தினமும் கொஞ்சம் தண்ணீர். மேலே துணி. ஃபிரிட்ஜ் வேண்டாம், அது அளவுக்கு மீறிய குளிர், வெளியே எடுத்தால் ஓடு வேர்த்து அழுக்கை உள்ளே இழுக்கும்.

சேவல் பற்றிக் கவலை வேண்டாம். ஒரு தடவை இணைந்தால் விந்து கோழியின் முட்டைப் பாதையில் உள்ள சின்னச் சின்ன மடிப்புகளில் தங்கி, பத்து நாளுக்கு மேல் கரு கூட்டிக்கொண்டே இருக்கும். வேலி தாண்டும் சேவல் தாராளம்.

பஞ்சாரம் | காங்கேயம் | மார்ச் 22

கம்பவுண்டர் ஐயா சொன்னதற்கு மேல் சொல்ல ஒன்றுமில்லை. கடக்நாத் முட்டை பற்றி மட்டும். பைக்கில் வந்த முட்டையை அன்றைக்கே அடைக்கு வைக்காதீர்கள். கூர் முனை கீழே வைத்து ஒரு நாள் அசையாமல் விடுங்கள். குலுங்கினால் உள்ளே இருக்கிற காற்றறை இடம் பெயரும். ஒரு நாள் விட்டால் பெரும்பாலும் நிலைக்கு வந்துவிடும்.

அப்புறம், முட்டை கருப்பாக இல்லையே என்று கொடுத்தவரிடம் சண்டைக்குப் போகாதீர்கள். கடக்நாத் கோழிதான் கருப்பு, முட்டை நம் நாட்டுக்கோழி முட்டை மாதிரி வெளிர் பழுப்புதான். அந்த ஜாதிக் கோழிகள் அடையில் அவ்வளவு பொறுமை இல்லாதவை, அதனால்தான் வளர்க்கிறவர்களே முட்டையைச் சிறுவிடைக்கு அடியில் கொண்டுவந்து வைக்கிறார்கள்.

இடம் மாற்ற வேண்டும், கட்டாயம். படப்பு அடியில் எலி வரும், எலியைத் தேடிச் சாரையும் நல்ல பாம்பும் வரும். முட்டையும் போகும், கோழியும் போகும். தொழுவத்து மூலையோ, ஆள் நடமாட்டம் இல்லாத திண்ணை ஓரமோ பாருங்கள். வெளிச்சம் குறைவாக, காற்று வருகிற இடம். ராத்திரி எட்டு மணிக்கு மேல் இருட்டில் கோழியைத் தூக்கி புதுக் கூட்டில் வையுங்கள். தூக்கும்போது ரெண்டு இறக்கைக்கு அடியிலும் கைவிட்டுப் பாருங்கள், முட்டையை அக்குளில் இடுக்கிக்கொண்டிருக்கும், தூக்கியதும் விழுந்து உடையும். முதலில் அந்தப் பழைய முட்டையில் ரெண்டு மூன்றை மட்டும் வைத்து விடுங்கள். புது இடத்தில் ஒழுங்காக உட்காருகிறது என்று உறுதியானதும் நல்ல முட்டைகளை ஒரே நேரத்தில் வைத்துப் பழசை எடுத்துவிடுங்கள். எல்லாம் ஒரே நாளில் சூடு ஏற வேண்டும், அப்போதுதான் ஒரே நாளில் பொரிக்கும்.

பென்சிலால் ஒவ்வொரு முட்டையிலும் குறி போடுங்கள். ஸ்கெட்ச் பேனா வேண்டாம். ஏன் என்று பிறகு தெரியும்.

பொரிப்பான் | நாமக்கல் | மார்ச் 22

எல்லாம் சரி, ஒரு 50 முட்டை இன்குபேட்டர் வாங்கினால் இத்தனை பாடு இல்லையே. 37.5 டிகிரி, ஈரப்பதம் 55 சதவீதம், கடைசி மூன்று நாள் 65க்கு மேல். பாம்பு, பேன், வெயில் எதுவும் கிடையாது. கோழியும் அடை தெளிந்து சீக்கிரம் மறுபடி முட்டையிடும்.

பஞ்சாரம் | காங்கேயம் | மார்ச் 22

தம்பி, ராத்திரி கரண்ட் போனால்? பொரித்த பிறகு 35 டிகிரி சூட்டுக்கு பல்பு கட்டி யார் ராத்திரி எழுந்து பார்ப்பது? கோழி 21 நாள் பொரிப்பு இயந்திரம், அடுத்த ரெண்டு மாதம் ஹீட்டர், காவல்காரன், எது தின்னலாம் எது தின்னக் கூடாது என்று சொல்லிக் கொடுக்கிற வாத்தியார். பத்து குஞ்சு வேண்டிய வீட்டுக்கு மெஷின் எதற்கு? நூறு வேண்டும் என்றால் நீங்கள் சொல்வது சரி, நானே வைத்திருக்கிறேன்.

பொரிப்பான் | நாமக்கல் | மார்ச் 22

நூறு என்றுதான் எல்லோரும் கொஞ்ச நாளில் வந்து நிற்கிறார்கள். ஆனால் ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். வனராஜா, கிராமப்பிரியா மாதிரிப் புறக்கடை ரகங்கள் அடைக்கே உட்காராது. வெள்ளை லெகார்ன் இன்னும் மோசம், அந்தக் குணத்தையே கழித்துக் கழித்துத்தான் அதை உருவாக்கினார்கள். அடைக்குப் படுத்தால் முட்டை நின்றுவிடுமே. எங்கள் ஊரில் லட்சக்கணக்கில் கோழி இருக்கிறது, அடைக்குப் படுக்க ஒன்று கிடையாது.

மொட்டைமாடி | சென்னை, குரோம்பேட்டை | மார்ச் 23

இடையில் நுழைவதற்கு மன்னிக்கவும். மாடியில் நாலு நாட்டுப் பெட்டை வைத்திருக்கிறேன், சேவல் வைத்தால் கீழ் வீட்டில் சண்டை. இதில் ஒன்று வெறும் கூட்டில் படுத்துக்கொண்டு எழ மாட்டேன் என்கிறது. எப்படித் தெளிய வைப்பது? மூக்குத் துவாரத்தில் இறகைச் செருகு என்கிறார் ஒருவர், தண்ணீரில் முக்கு என்கிறார் இன்னொருவர்.

பனையடி | திருச்செந்தூர் | மார்ச் 23

இறகு செருகுவது எங்கள் பக்கமும் உண்டு. நல்லா கேட்கும்.

கம்பவுண்டர் | மதுரை | மார்ச் 23

கேட்கும், கோழி தின்னாமல் அலறித் திரிவதால் கேட்கும். புண் வைத்துச் சளி பிடித்த கோழிகளை நிறையப் பார்த்திருக்கிறேன். வேண்டாம்.

அடிவயிறு சூடாக இருக்கிற வரைக்கும், புரோலாக்டின் என்ற சுரப்பு அந்தக் கோழியைப் படுக்கச் சொல்லிக்கொண்டே இருக்கும். அதனால் அடியில் கம்பி வலை உள்ள கூண்டில், வைக்கோல் எதுவும் போடாமல், தரையிலிருந்து உயர்த்தி வெளிச்சமான இடத்தில் வைத்துவிடுங்கள். தீனி, தண்ணீர் தாராளமாக. கீழே இருந்து காற்றுப் படும். மூன்று நாலு நாளில் தெளியும். முட்டையிட இன்னும் ஒன்றிரண்டு வாரம் பொறுக்க வேண்டும். இல்லையென்றால் கரு கூடிய முட்டை எங்காவது வாங்கி வைத்துவிடுங்கள், கோழிக்கு அது யார் முட்டை என்பது பற்றிக் கவலையில்லை.

கடை முட்டை வேண்டாம், அது சேவலையே பார்க்காத கோழியின் முட்டை.

கரிசல்காடு | சாத்தூர் பக்கம் | மார்ச் 24

தொழுவத்து மூலைக்கு மாற்றியாயிற்று. முதல் ராத்திரி மட்டும் முரண்டு பிடித்தது, காலையில் படப்புக்கு ஓடப் பார்த்தது. பஞ்சாரத்தை (கோழியை மூடுகிற கூடை) கவிழ்த்து மூடி வைத்தோம், மத்தியானத்துக்குள் உட்கார்ந்துவிட்டது. இன்றைக்கு இருட்டினதும் எங்கள் முட்டை ஆறு, கடக்நாத் நாலு, மொத்தம் பத்து வைத்திருக்கிறேன். அகலக் கூடையில் கீழே ஈர மணல், மேலே சாக்கு, அதற்கு மேல் வைக்கோல். மாமியாரின் திருப்திக்கு ஒரு பழைய தாழ்ப்பாளும் ஓரத்தில் இருக்கிறது. குறி போட்டாயிற்று. தீனி என்ன, எப்போது எழுப்பி விடுவது?

பஞ்சாரம் | காங்கேயம் | மார்ச் 24

கம்பு, சோளம், உடைத்த மக்காச்சோளம். தண்ணீர் எட்டுகிற தூரத்தில். குழை தீனி கொடுத்தால் கழிச்சல் இளகிக் கூட்டையே நாசம் செய்துவிடும்.

ஒரு நாளைக்கு ஒரு தரம் தானாக இறங்கும். பெரிதாக ஒரு எச்சம் போடும், நாற்றம் தாங்காது, அது நோய் இல்லை, பயப்படாதீர்கள். தின்று, குடித்து, மண்ணில் புரண்டு, கால் மணி அரை மணியில் திரும்பிவிடும். முட்டை அதற்குள் ஆறுமே என்று பதற வேண்டாம். தானாக இறங்காத கோழியும் உண்டு, பட்டினி கிடந்து எலும்பும் தோலுமாகிவிடும். அதை மட்டும் சாயங்காலம் தூக்கி இறக்கி விடுங்கள்.

புரளுகிற இடத்தில் சலித்த மண்ணும் அடுப்புச் சாம்பலும் கலந்து கொட்டி வையுங்கள். வைக்கோலுக்கு அடியில் வேப்பிலை, நொச்சி இலை. இது முக்கியம். நல்ல அடைக்கோழி பாதியில் எழுந்து போகிறது என்றால் பத்துக்கு ஒன்பது தரம் காரணம் பேன். 21 நாள் ஒரே இடத்தில் அசையாமல் உட்கார்ந்திருக்கிற சூடான உடம்பு, பேனுக்குக் கல்யாண விருந்துதான். ராத்திரி கூட்டில் கையை வைத்து ஒரு நிமிஷம் பாருங்கள், கையில் ஊறினால் வைக்கோலை மாற்றிவிடுங்கள்.

கம்பவுண்டர் | மதுரை | மார்ச் 25

பேனுக்கு மருந்துப் பவுடர் போடுவதென்றால் அடைக்கு வைக்கும் முன்பே கோழிக்குப் போட்டிருக்க வேண்டும். இனிமேல் முட்டை மேல் தூவாதீர்கள். இலையும் சாம்பலும் போதும்.

காவிரிக்கரை | தஞ்சாவூர் | மார்ச் 28

நாட்டுக்கோழிக்கு அடியில் வாத்து முட்டை வைக்கலாமா? இரண்டும் கலந்து வைத்தால் இடம் மிச்சம் என்று நினைக்கிறேன். இன்னொரு விஷயம், வயல் வரப்பில் மயில் முட்டை நாலு கிடக்கிறது.

கம்பவுண்டர் | மதுரை | மார்ச் 28

மயில் முட்டையைத் தொடாதீர்கள். தேசியப் பறவை, 1972 வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிறது. எடுப்பது குற்றம், வளர்ப்பதும் குற்றம். அந்த வரப்புப் பக்கம் நாயை விடாமல் இருந்தாலே பெரிய உதவி.

பஞ்சாரம் | காங்கேயம் | மார்ச் 28

வாத்து வைக்கலாம், கலக்கக் கூடாது. வாத்துக்கு 28 நாள், கோழிக்கு 21. கோழிக்குஞ்சு வெளியே வந்ததும் தாய் எழுந்து போய்விடும், வாத்து முட்டை பாதியில் நிற்கும். கலந்துதான் ஆக வேண்டும் என்றால் வாத்து முட்டையை ஒரு வாரம் முன்னாலேயே வைத்துவிட்டுப் பிறகு கோழி முட்டையைச் சேருங்கள். ஆனால் சிறுவிடைக்கு வாத்து முட்டை பெரிசு, ஆறுக்கு மேல் மூடாது. அதோடு 35 நாள் எடுக்கிற வாத்தும் உண்டு, முகத்தில் சிவப்புத் தசை தொங்குமே, அந்த மணிலா வாத்து. எந்த வாத்து என்று தெரிந்துகொண்டு வையுங்கள்.

கரிசல்காடு | சாத்தூர் பக்கம் | மார்ச் 31

ஏழு நாள் ஆயிற்று. ராத்திரி முட்டை பார்க்கலாம் என்று எடுத்தால் பதினொன்று இருக்கிறது! ஒன்றில் குறி இல்லை. எங்கள் இன்னொரு பெட்டை கோழி இறங்கிய நேரத்தில் போய் இட்டிருக்கிறது போல. பஞ்சாரம் அண்ணா, பென்சில் எதற்கு என்று இப்போது புரிந்தது.

பஞ்சாரம் | காங்கேயம் | மார்ச் 31

அதேதான். குறி இல்லாததை எடுத்துவிடுங்கள். ஒரு வாரம் பின்னால் வருகிற முட்டையைக் கண்டுகொள்ளாமல் விட்டால் கோழி எழுந்து போகும்போது உள்ளே பாதிக் குஞ்சோடு கெடும். இறங்குகிற நேரம் தெரிந்துவிட்டதென்றால் அந்த நேரத்துக்கு மட்டும் பஞ்சாரத்தைத் திறந்து, திரும்பி ஏறியதும் மூடிவிடுங்கள்.

செல்போன் டார்ச்சில் பாருங்கள். பழைய பேப்பரைக் குழலாகச் சுருட்டி, முட்டையின் பருத்த முனையை அதில் பொருத்தி, அடியிலிருந்து வெளிச்சம் காட்டுங்கள். கருப்புப் புள்ளியும் அதிலிருந்து கிளை பிரிந்த சிவப்பு நரம்பும் தெரிந்தால் நல்ல கரு. தெளிவாக, மஞ்சள் நிழல் மட்டும் ஆடினால் கரு கூடாதது. நரம்பு இல்லாமல் ரத்த வளையம் மட்டும் இருந்தால் செத்துவிட்டது. ஏழாம் நாளில் சந்தேகமாக இருப்பதை வைத்துவிட்டுப் பத்தாம் நாள் மறுபடி பாருங்கள், பழுப்பு ஓட்டில் சரியாகத் தெரியாது.

கரிசல்காடு | சாத்தூர் பக்கம் | ஏப்ரல் 1

பார்த்தோம். ஒரு கடக்நாத் முட்டை மட்டும் தெளிவாக இருந்தது, எடுத்துவிட்டோம். மற்றதில் நரம்பு தெரிந்தது. பையன் விடவே மாட்டேன் என்கிறான், தினமும் பார்க்க வேண்டுமாம்.

பொரிப்பான் | நாமக்கல் | ஏப்ரல் 1

தினமும் வேண்டாம். பையனுக்கு 18ஆம் நாள் வரை தவணை சொல்லுங்கள். அன்றைக்கு முட்டை முழுக்க இருட்டாக, காற்றறை மட்டும் வெளிச்சமாகத் தெரியும். அதற்குப் பிறகு கையே வைக்கக் கூடாது.

பனையடி | திருச்செந்தூர் | ஏப்ரல் 11

18 ஆகிவிட்டதே. இன்றைக்கு இளஞ்சூட்டு வெந்நீரில் முட்டையை மிதக்க விடுங்கள். உயிர் இருந்தால் ஆடும், இல்லையென்றால் சும்மா மிதக்கும். ஆச்சி கைமுறை. நனைந்த முட்டைக்கு ஓடும் லேசாகி உடைக்கச் சுலபமாக இருக்கும்.

கம்பவுண்டர் | மதுரை | ஏப்ரல் 11

ஆடுவது உண்மைதான், நானும் பார்த்திருக்கிறேன். ஆனால் கண்ணுக்குத் தெரியாத விரிசல் இருந்தால் அதன் வழியாகத் தண்ணீர் போய், உயிரோடு இருக்கிற குஞ்சு மூழ்கிவிடும். தெரிந்துகொண்டு என்ன செய்யப் போகிறோம்? மூன்று நாள் பொறுத்தால் தானே தெரியும். ஈரம் வேண்டும் என்பது சரி. இந்த வறண்ட வெயிலில் உள் சவ்வு காய்ந்து குஞ்சோடு ஒட்டிக்கொள்வதுண்டு. அதற்குக் கூடைக்கு அடியில் இருக்கிற மணலை நனையுங்கள், சுற்றி ஈரச் சாக்குத் தொங்க விடுங்கள். முட்டை மேல் தெளிக்க வேண்டியதில்லை.

பனையடி | திருச்செந்தூர் | ஏப்ரல் 11

சரி, இதில் ஐயா சொல்வதை ஏற்றுக்கொள்கிறேன். லாடத்தை விடமாட்டேன்.

கரிசல்காடு | சாத்தூர் பக்கம் | ஏப்ரல் 13, இரவு

கோழிக்கு அடியில் இருந்து கீச்சுச் சத்தம் வருகிறது! ஒரு முட்டையில் சின்ன நட்சத்திர விரிசல். அது விட்ட இடத்திலேயே ஆறு மணி நேரமாக நிற்கிறது. உதவி செய்யலாமா?

பஞ்சாரம் | காங்கேயம் | ஏப்ரல் 13, இரவு

கையை வைக்காதீர்கள்.

பொரிப்பான் | நாமக்கல் | ஏப்ரல் 13, இரவு

அதையேதான் நானும் சொல்ல வந்தேன். அந்த ஓய்வு நேரத்தில் சும்மா இல்லை. நுரையீரல் மூச்சு விடப் பழகுகிறது, சவ்வில் உள்ள ரத்தம் உடம்புக்குத் திரும்புகிறது, மிச்ச மஞ்சள் கரு வயிற்றுக்குள் போகிறது. இப்போது ஓட்டை உரித்தால் ரத்தம் கசியும், தொப்புள் மூடியிருக்காது. முதல் விரிசலில் இருந்து வெளியே வர 24 மணி நேரம்கூட ஆகும். அந்த மஞ்சள் கரு வயிற்றில் இருப்பதால்தான் வெளியே வந்த குஞ்சு இரண்டு நாள் தின்னாமல் தாங்கும். அதனால் முதலில் வந்ததற்குப் பசிக்குமே என்றும் எடுக்காதீர்கள், தாய் மற்ற முட்டைகளை விட்டு எழுந்துவிடும்.

கரிசல்காடு | சாத்தூர் பக்கம் | ஏப்ரல் 15

எட்டுக் குஞ்சு. எங்கள் ஆறில் ஐந்து, கடக்நாத் மூன்றும். ஒரு முட்டை விரிசல்கூட விடவில்லை. கோழி இன்று காலை தானாக இறங்கிக் குஞ்சுகளைக் கூட்டிக்கொண்டு வாசலுக்கு வந்துவிட்டது. கடக்நாத் குஞ்சு மூன்றும் கருநீலமாக இருக்கின்றன, ஆனால் கோழி எந்த வித்தியாசமும் பார்க்கவில்லை. சித்திரை பிறந்த அன்றைக்கு வீட்டில் எல்லோரும் தொழுவத்தில்தான் இருந்தோம், பாயசம் அடிப்பிடித்தது. என்ன தீனி கொடுப்பது? முட்டைக் கோழித் தீவனம் ஒரு மூட்டை இருக்கிறது.

கம்பவுண்டர் | மதுரை | ஏப்ரல் 15

முட்டைக் கோழித் தீவனம் குஞ்சுக்கு ஆகாது. ஓட்டுக்காக அதில் சுண்ணாம்புச் சத்து அதிகம், குஞ்சின் சிறுநீரகம் கெடும். கம்புக் குருணை, பச்சரிசி நொய் முதல் நாளுக்கு நல்லது. ஆனால் வெறும் தானியத்தில் புரதம் போதாது, குஞ்சுக்கு 20 சதவீதம் வேண்டும். குஞ்சுத் தீவனம் கொஞ்சம் வாங்கிக் கலந்து கொடுங்கள், இல்லையென்றால் அவித்த முட்டையை உதிர்த்துப் போடுங்கள். தண்ணீர்த் தட்டில் கூழாங்கல் பரப்பி வையுங்கள், இல்லாவிட்டால் குஞ்சு விழுந்து நனைந்தே சாகும்.

பஞ்சாரம் | காங்கேயம் | ஏப்ரல் 15

கரையான் பிடியுங்கள். பழைய மண்பானைக்குள் கிழிந்த சாக்கு, காய்ந்த சாணம், ஓலைத் துண்டு திணித்து, தண்ணீர் தெளித்து, புற்று இருக்கிற பக்கம் சாயங்காலம் கவிழ்த்து வையுங்கள். மறுநாள் நிமிர்த்தினால் பானை நிறைய இருக்கும். குஞ்சு அடித்துப் பிடித்துத் தின்னும். காசு கொடுத்து வாங்குகிற தீவனம் பக்கத்தில் நிற்க முடியாது.

முதல் ரெண்டு வாரம் தாயை மட்டும் பஞ்சாரத்தில் கவிழ்த்து வையுங்கள். குஞ்சு சந்தில் புகுந்து வெளியே மேயும், பருந்தோ காக்கையோ தெரிந்தால் தாய் ஒரு குரல் கொடுக்கும், எல்லாம் உள்ளே ஓடிவிடும். தாயை அவிழ்த்து விட்டால் தூரமாகக் கூட்டிக்கொண்டு போகும், பின்தங்கியதைப் பூனை பார்த்துக்கொள்ளும்.

பொரிப்பான் | நாமக்கல் | ஏப்ரல் 16

இப்போதே குஞ்சுகளைப் பிரித்து பல்பு வெளிச்சத்தில் வளர்த்தால் தாய் மூன்று வாரத்தில் மறுபடி முட்டைக்கு வந்துவிடும். கூடவே விட்டால் இரண்டு மாதத்துக்கு மேல் ஆகும். வருஷத்துக்கு மூன்று நாலு ஈடு (முட்டையிடும் சுற்று) என்பது ஐந்தாகும். யோசியுங்கள்.

கரிசல்காடு | சாத்தூர் பக்கம் | ஏப்ரல் 16

அதைப் பிரிக்க இந்த வீட்டில் யாருக்கும் தைரியம் இல்லை, கிட்டே போனால் முகத்துக்குப் பாய்கிறது. கூடவே இருக்கட்டும். தடுப்பு மருந்து எப்போது? டாக்டரிடம் கேட்டேன், எட்டுக் குஞ்சுக்காக ஒரு குப்பியை உடைக்க முடியாது என்கிறார்.

கம்பவுண்டர் | மதுரை | ஏப்ரல் 16

அவர் சொல்வது நியாயம்தான். ஒரு குப்பியில் நூறு குஞ்சுக்கோ அதற்கு மேலோ மருந்து இருக்கும், கலக்கினால் ஓரிரு மணி நேரத்துக்குள் தீர்க்க வேண்டும். தெருவில் யார் யார் வீட்டில் குஞ்சு இருக்கிறது என்று கேட்டுச் சேர்த்துக்கொண்டு ஒரே நாளில் போங்கள். ஏழாம் நாள் வாக்கில் கண்ணிலோ மூக்கிலோ ஒரு சொட்டு, நாலாம் வாரம் மறுபடி ஒரு சொட்டு, எட்டாம் வாரம் இறக்கையில் ஊசி. இதைத் தவிர்த்தால் வெள்ளைக் கழிச்சல் என்ற கோழி நோய் ஒரே வாரத்தில் மொத்தத்தையும் வாரிக்கொண்டு போய்விடும், வந்த பிறகு மருந்து கிடையாது. பிப்ரவரியில் துறை நடத்துகிற முகாமை நம்பி உட்கார முடியாது, அது பெரிய கோழிகளுக்கு.

கரிசல்காடு | சாத்தூர் பக்கம் | ஏப்ரல் 19

எங்கள் தெருவிலும் மேலத் தெருவிலும் சேர்த்து நாற்பதுக்கு மேல் தேறியது. செவ்வாய்க்கிழமை காலை எல்லோரும் கூடையோடு வருகிறார்கள். வெயிலுக்கு முன்னால் ஏழு மணிக்கே போகலாம் என்று இருக்கிறோம். தாயையும் கொண்டுபோக வேண்டுமா?

கம்பவுண்டர் | மதுரை | ஏப்ரல் 19

தாய் வேண்டாம், வீட்டிலேயே பஞ்சாரத்தில் இருக்கட்டும். குஞ்சுகளை மூடியில் ஓட்டை போட்ட அட்டைப் பெட்டியில் கொண்டுபோங்கள். வீடு வீடாகப் பெட்டி தனித்தனியாக இருக்கட்டும், எதிலாவது நோய் இருந்தால் மற்றதற்கு ஒட்டிக்கொள்ளும். சுணங்கி நிற்கிற குஞ்சுக்கு அன்று மருந்து விட வேண்டாம் என்று மற்ற வீட்டாரிடமும் சொல்லிவிடுங்கள். குப்பியை ஐஸ் பெட்டியிலிருந்து எடுத்த பிறகு வெயிலில் வைக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.